பொது டெஸ்ட் மெஷினில் டிரேஸ் பஃபரை அணைத்த அனுபவம் உண்டா?

மூன்றாம்_ஷிஃப்ட்:
இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. லினக்ஸ் மெஷின், எஃப்ட்ரேஸ்: கர்னலுக்குள் நடப்பதை நினைவகத்தில் உள்ள ஒரு பஃபரில் வரிவரியாகப் பதியும் கருவி. என் ஸ்கிரிப்ட் முடியும்போது பதிவதை நிறுத்த டிரேசிங்_ஆன் கோப்பில் 0 எழுதிவிட்டுப் போகும். சுத்தமாக முடிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதே மெஷினில் பக்கத்து டீம் அண்ணன் ஒருவர், எப்போதாவது தலைகாட்டும் ஒரு டிஸ்க் தாமதத்துக்காக மூன்று நாளாக பிளாக் ஈவென்ட்களை, அதாவது டிஸ்க் கோரிக்கைகளின் பதிவை, திறந்து வைத்திருந்தார். விடிகாலையில் அது வந்தது. டிரேஸில் ஒன்றும் இல்லை. கடைசி வரியின் நேரம் பூட் ஆனதிலிருந்து எண்ணிய விநாடிகளில் இருக்குமே, அதைத் தாளில் கணக்குப் போட்டார். "ராத்திரி 11:40க்கே நின்னு போச்சே தம்பி, அப்ப யாரு உள்ள இருந்தா?" நான்தான் என்றேன். திட்டவில்லை. திரும்ப 1 எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

பழைய_சி:
அதைப் பஃபரை அணைத்தது என்று சொல்லாதீர்கள். 0 போட்டால் பஃபரில் எழுதுவது மட்டும்தான் நிற்கும், டிரேசர் ஓடிக்கொண்டே இருக்கும். எங்களிடம் ஒருவர் கர்னலின் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பையும் பிடிக்கும் ஃபங்ஷன் டிரேசரை அப்படியே விட்டு 0 மட்டும் போட்டுப் போனார். சிபியு ஏறியே இருந்ததற்கு ஒரு வாரம் டேட்டாபேஸைக் குறை சொன்னோம். கரண்ட்_டிரேசர் கோப்பில் நாப் (எந்த டிரேசரும் வேண்டாம்) என்று எழுதிய உடனே சிபியு இறங்கியது. 0 போட்டால் பஃபரின் நினைவகமும் திரும்பி வராது. பஃபர் அளவைக் கேபியில் சொல்லும் பஃபர்_சைஸ்_கேபி ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி; 102400 என்றால் 64 சிபியுவில் 6 ஜிபிக்கு மேல்.

மூன்றாம்_ஷிஃப்ட்:
சரி. ஆனால் அவருடைய மூன்று நாள் போனது எழுதுவது நின்றதால்தானே.

வரி_தேடி:
பஃபரை ஓட ஓடப் படிக்கும் டிரேஸ்_பைப் கோப்பை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட் கட்டளையால் படித்து, ஆளுக்குப் பாதி வரி கிடைத்து, ஏதோ ஒரு த்ரெட் எடுத்த லாக்கை (பூட்டை) விடவே இல்லை என்று ஒரு நாள் முழுக்க நம்பினோம். படித்த வரி பஃபரிலிருந்து போய்விடும்.

இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். எஃப்ட்ரேஸின் இன்ஸ்டன்சஸ் டைரக்டரிக்குள் எம்கேடிர் போட்டு உங்கள் பெயரில் ஒரு டைரக்டரி உருவாக்குங்கள். தனி பஃபர், தனி டிரேசிங்_ஆன், தனி ஈவென்ட்கள் எல்லாம் தானாக வந்துவிடும். 3.10 கர்னலிலிருந்தே இருக்கிறது. உங்கள் 0 உங்களை மட்டும் நிறுத்தும். வேலை முடிந்ததும் ஆர்எம்டிர் போட்டு அதை நீக்குங்கள்; நினைவகமும் திரும்பிவிடும். யாராவது அதன் பைப்பைத் திறந்து வைத்திருந்தால் மட்டும் பிஸி என்று மறுக்கும், முதலில் அந்த கேட்டைக் கொல்லுங்கள். டிரைவருக்குள் டிரேஸில் வரி எழுதும் டிரேஸ்_பிரிண்ட்கே அழைப்பு போட்டிருந்தால் அது வழக்கமாக மேலே உள்ள பொதுப் பஃபருக்குத்தான் போகும், இங்கே தேடாதீர்கள்.