குளிர்கால நடைபயணக் குழுவில் சேரலாமா?

கேள்வி: அடுத்த வாரம் ஒரு இயற்கைப் பூங்காவில் குழுவாக 10 கிலோமீட்டர் பனியில் நடக்கப் போகிறார்கள், பெயர் கொடுக்கலாமா என்று யோசனை. கோடையில் நடந்த பழக்கம் உண்டு, பனியில் இல்லை. மற்றவர்களுக்குச் சுமையாகிவிடுவேனோ?

பதில் 1: தாராளமாகப் போங்கள். ஒழுங்கான குழு மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் போகும், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் ஒருவர் வருவார். அப்படி ஆள் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தூரத்தைவிட இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா என்பதுதான் முக்கியம், ஆழமான புதுப்பனியில் கோடையைப் போல இரண்டு மடங்கு நேரம்கூட ஆகலாம்.

பதில் 2: உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம்! வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது, நின்றவுடன் உடம்பு வெடவெடக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். கிளம்பும்போது லேசாகக் குளிரினால் உடுப்பு சரியான அளவு என்று அர்த்தம்.

பதில் 3: தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், நீர் மேலிருந்துதான் உறையும், மூடி அடைக்காது. அப்புறம் கைபேசி சட்டைக்குள் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும்.

கேட்டவர்: சரி, பெயர் கொடுத்துவிட்டேன். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை வேண்டுமா?

பதில் 1: பாதை இறுகி வழுக்கினால் வேண்டும், புதுப்பனிக்குத் தேவைப்படாது. கூட்டிப்போகிறவரிடம் முந்தின நாள் கேளுங்கள்.