தினமும் பேக்வாஷ் செய்தும் நீச்சல் தடாகத் தண்ணீர் கலங்கல்: மணலை மாற்ற வேண்டுமா?

ராஜகிரிய_தங்கச்சி எழுதியது:

வணக்கம். ராஜகிரியவில் இருக்கும் அண்ணன்ட வீட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் கனடாவில். டிசம்பரில் பிள்ளைகளோடு வருகிறார்கள், வந்த அன்றைக்கே தண்ணீரில் இறங்கத்தான் கேட்பார்கள். ஆனால் ஒக்டோபர் மழை தொடங்கியதிலிருந்து தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறது. ஆழமான பக்கத்தில் அடித்தளத்து ஓடுகள் மங்கலாகத்தான் தெரிகின்றன.

தடாகம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் சராசரியாக 1.3 மீட்டர். பில்டர் மணல் போட்ட உருண்டைத் தாங்கி, மேலே ஆறு நிலை வைத்த கைப்பிடி. பம்ப் மணிக்கு 10,000 லீட்டர் என்று அதன் தகட்டில் போட்டிருக்கிறது. கரண்ட் பில் ஏறுகிறது என்று காலையில் 2 மணித்தியாலம் மட்டும் ஓட விடுகிறேன். முதலில் தடாகம் பார்த்த பையன் கட்டாருக்குப் போகும்போது பேக்வாஷ் (தண்ணீரைப் பின்பக்கமாக விட்டு பில்டர் மணலைக் கழுவுவது) எப்படிச் செய்வதென்று காட்டிவிட்டுப் போனான், அதைத் தினமும் காலையில் செய்கிறேன். பிரஷர் மீட்டர் எப்போதும் 12 psi தான் காட்டுகிறது. குளோரின் 2, பிஎச் 7.4.

மணல் பழுதாகிவிட்டதா? மாற்றுவதென்றால் கடற்கரை மணல் போடலாம் என்று பக்கத்து வீட்டில் வேலை செய்யும் மேசன் சொல்கிறார். சரியா?

நுகேகொடை_வாசி எழுதியது:

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும், மணிகளும் ஒரே அளவில் இருக்காது. பில்டருக்கென்று சலித்த சிலிக்கா மணல் சாக்கில் வருகிறது, மணி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பொதுவாக 5 முதல் 7 வருடத்துக்கு ஒருதரம் மாற்றுவார்கள். உங்களுடையது எத்தனை வருடம் என்று அண்ணனிடம் கேளுங்கள்.

கல்கிசை_பம்ப்_அறை எழுதியது:

தங்கச்சி, மணலில் கை வைக்க முதல் இதை வாசியுங்கள். கல்கிசைப் பக்கம் ஹோட்டல் தடாகங்களைப் பார்த்தே என் தலை நரைத்தது, இப்போது வீட்டுத் தடாகங்கள் பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பில்டரில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. அதை வேலை செய்யவே விடாமல் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள்.

புதிதாகக் கழுவிய மணல் பெரிய தூசியை மட்டும்தான் பிடிக்கும். மழையோடு வந்த மெல்லிய மண் அதனூடாகத் திரும்பத் தடாகத்துக்கே வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்க மணிகளுக்கிடையில் கொஞ்சம் அழுக்குத் தங்கும். அந்த அழுக்குத்தான் இடைவெளியை ஒடுக்கி, அடுத்து வரும் மெல்லிய தூசியைப் பிடிக்கிறது. நீங்கள் ஒவ்வொரு காலையும் அதைக் கானுக்குள் அனுப்பிவிட்டு, வெறும் மணலோடு முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். மூன்று நிமிடம் பேக்வாஷ் விட்டால் 500 லீட்டர் போகிறது. தண்ணீர் பில்லும் ஏறும், போட்ட குளோரினும் அதோடு போகும்.

எப்போது கழுவுவதென்று மீட்டர்தான் சொல்ல வேண்டும். கழுவின உடனே காட்டும் 12ஐ அழியாத பேனாவால் தாங்கியிலேயே எழுதி வையுங்கள். அது 20, 22 ஆகும்வரை பேக்வாஷ் பக்கம் போகாதீர்கள். மீட்டர் நல்லதா என்றும் ஒருதரம் பாருங்கள்: பம்பை நிறுத்தினால் ஊசி பூச்சியத்துக்கு வர வேண்டும். நிறுத்திய பிறகும் 12 இலேயே நின்றால் மீட்டர் பழுது. அது சின்னச் சாமான், மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, 2 மணித்தியாலம் போதவே போதாது. உங்கள் தடாகம் ஏறக்குறைய 41,600 லீட்டர். 2 மணித்தியாலத்தில் பில்டருக்குள் போவது 20,000 தான், பாதிகூட இல்லை. 4 மணித்தியாலம் ஓடினாலும் எல்லாத் தண்ணீரும் போய் வந்ததாக அர்த்தமில்லை. வடிந்த தண்ணீர் திரும்ப வந்து கலங்கலோடுதானே கலக்கிறது? அந்த ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தான் உண்மையில் வடிந்திருக்கும். கலங்கல் தெளியும்வரை நாளுக்கு 8 மணித்தியாலமாவது விடுங்கள், கரண்ட் செலவைப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் இறங்கும் தண்ணீரில் அடித்தளம் தெளிவாகத் தெரிய வேண்டும். கீழே ஒரு பிள்ளை கிடந்தால் கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாத தண்ணீரில் யாரையும் இறக்கக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பேக்வாஷ் செய்யும் நாளில் ஒழுங்கு இதுதான். பம்பை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் நட்சத்திர ரப்பர் கிழியும், பிறகு சும்மா இருக்கும்போதும் கழிவுக் குழாயால் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும்வரை விட்டு, பம்பை நிறுத்தி, ரின்ஸில் (மணலுக்குள்ளால் வந்த தண்ணீரைக் கழிவுக் குழாய்க்கு அனுப்பும் நிலை) ஒரு நிமிடம், திரும்ப நிறுத்தி, பில்டர் நிலைக்கு வாருங்கள். ரின்ஸைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கிளம்பி நின்ற அழுக்கின் முதல் வாய் நேராகத் தடாகத்துக்குள்தான் போகும்.

இவ்வளவும் செய்து ஒரு கிழமை போயும் தெளியாவிட்டால் மட்டும் தாங்கியைத் திறந்து மணலைப் பார்க்கலாம்.

தெஹிவளை_அக்கா எழுதியது:

தம்பி சொல்வது சரி. எங்கள் வீட்டில் கார்ட்ரிட்ஜ் பில்டர் (மணலுக்குப் பதில் மடித்த துணி வைத்தது), அதற்குப் பேக்வாஷ் கிடையாது. கழற்றி ஹோஸ் பைப்பால் மடிப்பு மடிப்பாகக் கழுவ வேண்டும், கார் கழுவும் பிரஷர் மெஷினால் அடித்தால் துணி கிழிந்துவிடும்.

தங்கச்சிக்கு இன்னொன்று. பம்ப் மூடியின் ரப்பர் வளையத்துக்கு வாஸ்லீன் பூசாதீர்கள். அது ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும். சிலிக்கோன் கிரீஸ்தான் பூச வேண்டும். அந்த வளையத்தால் காற்று இழுத்தால் பம்ப் இருமிக்கொண்டே ஓடும், தண்ணீரும் ஒழுங்காகச் சுற்றாது.

பேக்வாஷ் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டார் அதைப் பின்பக்கப் பள்ளத்தில் விட, அங்கே தேங்கி நுளம்பு பெருகி, சுகாதாரப் பரிசோதகர் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். குளோரின் போனபிறகு தேங்கிய தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

ராஜகிரிய_தங்கச்சி எழுதியது:

அண்ணா, அக்கா, மிச்சம் நன்றி. மீட்டர் நல்லது, பம்பை நிறுத்தியதும் பூச்சியத்துக்கு வருகிறது. பேக்வாஷை நிறுத்தி, காலையும் மாலையும் பிரித்து 8 மணித்தியாலம் விட்டேன். ஊசி இப்போது 15இல் நிற்கிறது, ஆழமான பக்கத்து ஓடுகளின் கோடுகள் தெரியத் தொடங்கிவிட்டன.

ஒரு கேள்வி மட்டும். தண்ணீர் திரும்பி வரும் ஓட்டைக்குக் கீழே ஒரு பிடி மணல் சேர்ந்திருக்கிறது. கலங்கல் குறைந்த பிறகுதான் கண்டேன். மழை மண்ணா?

கல்கிசை_பம்ப்_அறை எழுதியது:

கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். சேறாகக் கரைந்தால் மழை மண். சீனி மாதிரி நறநறவென்று ஒரே அளவில் இருந்தால் அது பில்டர் மணல். அப்படியென்றால் தாங்கியின் அடியில் மணலைத் தடுக்கும், மெல்லிய கீறல் போட்ட குழாய்களில் ஒன்று வெடித்திருக்கலாம். அதைக் கூட்டி எடுத்துவிட்டு, இரண்டு நாளில் திரும்பச் சேர்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் ரின்ஸ் விடாத நாட்களில் வந்த மிச்சம்தான், பயமில்லை.

சேர்ந்தால் தாங்கியைத் திறக்கத்தான் வேண்டும், மணலும் அப்போதே புதிதாகப் போடலாம். போடும்போது தாங்கியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு மணலை மெதுவாகக் கொட்டச் சொல்லுங்கள். வெறும் தாங்கிக்குள் சாக்கோடு கவிழ்த்தால் புதுக் குழாயும் அந்தப் பாரத்தில் வெடிக்கும். நடுக் குழாயின் வாயை டேப் ஒட்டி மூடிவிட்டுக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் மணல் அதற்குள் இறங்கிவிடும். ஆள் பிடிக்கும்போதே இந்த இரண்டையும் கேளுங்கள். உடனே பதில் சொல்பவரை வேலைக்கு எடுங்கள்.