மினியாபோலிஸ் பள்ளிகளிலிருந்து காவலர்கள் விலக்கப்பட்டதில் திருநர் உறுப்பினர்களுக்குப் பங்கு உண்டா?

கேள்வி

உள்ளாட்சியில் திருநர் பிரதிநிதித்துவம் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசுவதற்காகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகர மன்றத்துக்கு 2017 நவம்பரில் ஆண்ட்ரியா ஜென்கின்ஸ் என்ற திருநங்கையும் ஃபிலிப் கன்னிங்ஹாம் என்ற திருநம்பியும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரும் கறுப்பினத்தவர். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் அந்நகரக் காவலரால் கொல்லப்பட்ட சில நாள்களிலேயே, அதே நகரின் பள்ளிகள், வளாகங்களில் காவலர்களை நிறுத்துவதற்காகக் காவல்துறையுடன் செய்திருந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. திருநர் இருவர் மன்றத்தில் அமர்ந்திருந்ததால்தான் பள்ளிகளிலிருந்து காவலர்கள் வெளியேறினர் என்று எழுதலாமா? அவ்வாறு எழுதுவதற்கு ஆதாரம் உண்டா என்பதை விவரமறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த முடிவை எடுத்தது நகர மன்றம் அன்று, பள்ளி வாரியம். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். சென்னையில் மாநகராட்சியே பள்ளிகளை நடத்துகிறது, காவல்துறையோ மாநில அரசின் கையில் இருக்கிறது. மினியாபோலிஸில் இது தலைகீழ்: காவல்துறை நகரத்துக்கு உரியது, பள்ளிகளை நிர்வகிப்பதோ மக்கள் தனித் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் கொண்ட வாரியம். நகர மன்றத்தின் 13 உறுப்பினர்களில் எவருக்கும் அந்த வாரியத்தில் வாக்கு இல்லை.

ஃபிளாய்டு இறந்தது 2020 மே 25. மே 27 அன்று மினசோட்டா பல்கலைக்கழகம், தன் மாணவர் தலைவரின் வேண்டுகோளை அடுத்து, நகரக் காவல்துறையுடனான தொடர்புகளைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தது. ஜூன் 2 அன்று பள்ளி வாரியம் ஒருமனதாக வாக்களித்து ஒப்பந்தத்தை முடித்துவைத்தது. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உந்துதல் மாணவர்களிடமிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது என்பது தெரியும். பள்ளிக் காவலர்களை விலக்க வேண்டும் என்று அந்நகர மாணவர்களும் சமூக அமைப்புகளும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கேட்டுவந்தனர். 2017இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது.

மறுமொழி 2

மேலே உள்ள மறுமொழி அதிகார எல்லையைச் சரியாகவே விளக்குகிறது. ஆனால் அதனால் இவ்விருவரும் காவல்துறை விவகாரத்தில் வெறும் பார்வையாளர்கள் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. ஃபிளாய்டு கொல்லப்பட்ட முப்பத்தெட்டாம் தெரு, சிகாகோ அவென்யூ சந்திப்பு ஜென்கின்ஸின் எட்டாவது வார்டைச் சேர்ந்தது. அப்போது அவர் மன்றத்தின் துணைத் தலைவர். 2020 ஜூன் 7 அன்று பவுடர்ஹார்ன் பூங்காவில், இப்போதைய காவல்துறையைக் கலைத்துவிட்டு வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவருவோம் என்று உறுதியளித்த ஒன்பது மன்ற உறுப்பினர்களில் ஜென்கின்ஸும் கன்னிங்ஹாமும் இருந்தனர்.

உறுதியளிப்பது எளிது, நிறைவேற்றுவதற்குக் குறுக்கே நகரத்தின் சாசனம், அதாவது நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டம், நின்றது. மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்சம் இத்தனை காவலர்கள் இருந்தே ஆக வேண்டும் என்று சாசனமே நிர்ணயித்திருந்ததாலும், காவல்துறையை நடத்தும் முழு அதிகாரம் மேயரிடம் இருந்ததாலும், மன்றத்துக்கு எஞ்சியது வரவுசெலவுத் திட்டம் மட்டுமே. அந்த வழியைப் பயன்படுத்தியவர்களில் கன்னிங்ஹாம் முக்கியமானவர். அவரும் வேறு இரு உறுப்பினர்களும் முன்வைத்த திட்டத்தின்படி, 2020 டிசம்பரில் காவல்துறை ஒதுக்கீட்டிலிருந்து சுமார் 80 லட்சம் டாலர் வன்முறைத் தடுப்புக்கும் மனநல அவசர உதவிக் குழுக்களுக்கும் திருப்பிவிடப்பட்டது. உங்கள் குறிப்பில் பள்ளி வாரியத்தின் வாக்கெடுப்பைவிட இதுவே இடம்பெறத் தகுந்தது.

கேட்டவர்

மிக்க நன்றி. பள்ளி வாரியம் தனித் தேர்தலில் அமைவது என்பதை நான் அறியவில்லை. எனில், அந்த நிலைப்பாட்டுக்காக வாக்காளர்கள் இவ்விருவரையும் எவ்வாறு நடத்தினார்கள்? பள்ளிகளில் காவலர்களுக்குப் பதிலாக யார் வந்தார்கள்?

மறுமொழி 2

இருவருக்கும் ஒரே முடிவு கிடைக்கவில்லை. திருநர் வாக்கு, திருநர் நிலைப்பாடு என்று பொதுமைப்படுத்துவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. கன்னிங்ஹாம் 2017இல் இருபதாண்டுக்காலம் பதவியிலிருந்த மன்றத் தலைவரையே நான்காவது வார்டில் வீழ்த்தியவர். 2021இல் அதே வார்டில் தோற்றார். அதே நாளில் காவல்துறையை மாற்றியமைக்கும் சாசனத் திருத்தமும் சுமார் 56 விழுக்காடு எதிர்வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. ஜென்கின்ஸ் மீண்டும் வென்று, 2022 ஜனவரியில் மன்றத் தலைவரானார். 2023 தேர்தலிலோ அவர் வெறும் 38 வாக்கு வித்தியாசத்தில்தான் கரைசேர்ந்தார். அந்த முறை அவரை நெருக்கியவர் அவரைவிட இடதுசாரிப் பக்கம் நின்ற வேட்பாளர். முதன்முதலில் அவர் 70 விழுக்காட்டுக்கும் மேல் பெற்று வென்றவர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஆறு ஆண்டுகளில் அந்த வார்டு எவ்வளவு மாறிவிட்டது என்பது புரியும்.

மறுமொழி 1

பள்ளிகளைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு: 2020 கோடையில் வாரியத்தின் நிர்வாகம் 'பொதுப் பாதுகாப்பு உதவி வல்லுநர்' என்ற பெயரில் புதிய பணியிடங்களை உருவாக்கியது. இவர்கள் சீருடைக் காவலர்கள் அல்லர், கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. ஆனாலும் அந்த விளம்பரத்தில் காவல் பணி அனுபவம் விரும்பத்தக்க தகுதியாகக் கேட்கப்பட்டிருந்ததால், பெயரை மாற்றிப் பழைய ஆட்களையே அழைக்கிறார்களோ என்று மாணவர்கள் சந்தேகித்தனர். அந்தச் சந்தேகத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

மாநில அளவில் விவாதம் வேறு வடிவில் தொடர்ந்தது. 2023இல் மினசோட்டா சட்டமன்றம், மாணவர்களைக் குப்புறக் கிடத்தி அடக்கும் முறையைப் பள்ளிக் காவலர்களுக்கும் தடைசெய்தது; சட்டப் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்று அஞ்சிய பல காவல் நிலையங்கள் அந்த இலையுதிர்காலத்தில் தங்கள் காவலர்களைத் தாமாகவே திரும்ப அழைத்துக்கொண்டன. 2024 மார்ச்சில் அச்சட்டம் திருத்தப்பட்டு, காவலர்களுக்கு விலக்களிக்கப்பட்டது. கூடவே பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. மினியாபோலிஸ் வாரியத்தின் முடிவு கொள்கையிலிருந்து பிறந்தது. மற்ற ஊர்களில் நடந்த இந்த விலகல் வழக்குப் பயத்தில் பிறந்தது. குறிப்பு எழுதும்போது இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.