4கே மானிட்டர்ல எழுத்து எறும்பு சைஸ்ல தெரியுது, வழி சொல்லுங்க

வணக்கங்க. சேலம் அம்மாப்பேட்டையில பட்டுச்சேலைக்கு டிசைன் போடுறேன். அதுக்காக 27 இன்ச் 4கே மானிட்டர் வாங்கினேன், 3840 × 2160. டிசைன்ல இழை இழையா தெரியுது, குறையே இல்ல. நெட்டுல படிக்கப் போனாத்தான் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.

விண்டோஸ்ல ஸ்கேலிங் (திரையில எல்லாத்தையும் பெருசாக்கிக் காட்டுற செட்டிங்) 150 சதவீதம் வெச்சா படிக்க வசதி, ஆனா என் பழைய டிசைன் சாஃப்ட்வேர் மங்கிடுது. அதனால 100-க்கே திரும்பி, குரோம் செட்டிங்ஸ்ல பக்க ஜூமை மட்டும் 150 ஆக்கினேன். எழுத்து பெருசாச்சு; டேப், புக்மார்க் எல்லாம் பொடியாவே கெடக்கு. சில தளத்துல வரி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடுது. (தறியில உக்காந்த அப்பாவுக்கே இவ்வளவு கழுத்து வலி இல்லைங்க!)

ஸ்கேலிங் 150-லயே இருக்க, அந்த ஒரு சாஃப்ட்வேரை மட்டும் விலக்கி வைக்க முடியுமா? விண்டோஸ் 10 தாங்க. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.