வாரன்ட்டி முடிஞ்சு நாலு மாசத்துல கியர்பாக்ஸ் போச்சு, கம்பெனிகிட்ட உதவி கேட்க வழி இருக்கா? (காட்பாடி)

காட்பாடி_ஆட்டோமேட்டிக்

எல்லாருக்கும் வணக்கம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவசரம்.

2021 டிசம்பர்ல எடுத்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார், டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ். வாங்கின விலை 13 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. ஓடினது 46,000 கிலோமீட்டர். வாரன்ட்டி மூணு வருஷம் இல்லன்னா ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துதோ அது. வருஷக் கணக்கு முந்திடுச்சு. எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி எடுக்கல.

போன வாரம் அப்பாவை சி.எம்.சி.க்கு செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். பாலாத்துப் பாலத்து மேலயே மீட்டர்ல கியர் படம் போட்ட மஞ்சள் விளக்கு வந்துடுச்சு. ஒண்ணுலேர்ந்து நேரா மூணுக்குப் போகுது, நடுவுல ரெண்டு விழவே இல்ல. பார்க்கிங்ல ரிவர்ஸ் போட்டா 'ஆர்' எழுத்து மின்னிக்கிட்டே இருக்கு, வண்டி அசையல. வாட்ச்மேனும் ரெண்டு ஆட்டோ அண்ணனுங்களும் தள்ளி விட்டாங்க. அப்பாவால இறங்கி நிக்க முடியாது, உள்ளயே உக்காந்திருந்தார்.

டோ வண்டியில சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். மெக்கட்ரானிக் யூனிட்டை (கியரையும் கிளட்ச்சையும் தானா இயக்கற கன்ட்ரோல் பகுதி) மொத்தமா மாத்தணும்னு 2,18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் குடுத்திருக்காங்க. "வாரன்ட்டி முடிஞ்சிடுச்சு சார், எங்க கையில எதுவும் இல்ல"ன்னு ஒரே பதில்.

இதுல எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. 2024 ஜூன்ல, வாரன்ட்டி இருக்கும்போதே, "ரெண்டாவது கியர்ல வெட்டி வெட்டி இழுக்குது"ன்னு சொல்லி இதே இடத்துல விட்டேன். அந்த ஜாப் கார்டு (புகாரையும் செஞ்ச வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதித் தர்ற பேப்பர்) கையில இருக்கு. "சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது. ஓட்டிப் பார்க்கச் சொல்லப்பட்டது" அப்படின்னு எழுதியிருக்கு. எல்லா சர்வீஸும் அங்கேயேதான். அப்ப சொன்ன அதே ரெண்டாவது கியர்தான் இப்ப போயிருக்கு. இதை வெச்சு கார் கம்பெனிகிட்டயே நேரா கேட்க முடியுமா? யார்கிட்ட, எப்படி?

ஆற்காடு_ஒர்க்‌ஷாப்

தம்பி, முதல்ல வண்டியை யாரும் பிரிக்காம பாத்துக்கோ.

நீ சொல்ற அறிகுறி ரொம்பத் தெளிவா இருக்கு. டபுள் கிளட்ச்சுல ஒரு கிளட்ச் 1, 3, 5-ஐப் பாக்கும், இன்னொண்ணு 2, 4, 6-ஐப் பாக்கும். பெரும்பாலான வண்டியில ரிவர்ஸும் அந்த ரெட்டைப்படைப் பக்கம்தான் இருக்கும். உனக்கு ரெண்டாவது கியரும் இல்ல, ரிவர்ஸும் இல்லன்னா ஒரு பக்கம் மொத்தமா படுத்திருக்கு. அது மெக்கட்ரானிக்கா இருக்கலாம், அதுக்குள்ள ஒரே ஒரு சொலினாய்டா (மின்சாரத்துல இயங்கற சின்ன வால்வு) இருக்கலாம், கியர் ஃபோர்க் சென்சாரா இருக்கலாம், கிளட்ச்சே தேஞ்சிருக்கலாம். எது பழுதுன்னு சொல்லாம "மொத்தமா மாத்தணும்"னா ஒத்துக்காத. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பேப்பரா கேளு, எரர் கோடு (பழுதைக் குறிக்கற எண்) எல்லாம் அதுல வரணும். பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு இருந்துச்சுன்னும் கேளு. பேட்டரி வீக்கா இருந்தாலோ எர்த் ஒயர் லூஸா இருந்தாலோ இந்த கியர்பாக்ஸ் கண்டபடி கோடு போடும், அதை வெச்சு நல்ல யூனிட்டைக் கழட்டின கதை எங்க கடைக்கே வந்திருக்கு.

வாலாஜா_வாரன்ட்டி_டெஸ்க்

நான் முன்னாடி ஒரு டீலர்ஷிப்ல வாரன்ட்டி பிரிவுல வேலை பாத்தவன். நீங்க கேக்கறதுக்கு அங்க "குட்வில்"னு பேரு. வாரன்ட்டி தாண்டின வண்டிக்கு கம்பெனி தானா முன்வந்து செலவுல ஒரு பங்கை ஏத்துக்கறது. சில சமயம் பார்ட் கம்பெனியோடது, லேபர் நம்மளோடது. சில சமயம் பாதிக்குப் பாதி. முழுசாவும் கிடைக்கறது உண்டு.

இது நடக்கற விதம் வெளியில யாருக்கும் தெரியறதில்ல, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். முடிவு டீலர் எடுக்கறதில்ல. டீலர் ஒரு ரெக்வெஸ்ட் போடணும். அதுல சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், சர்வீஸ் ஹிஸ்டரி, ஸ்கேன் ரிப்போர்ட், போட்டோ எல்லாம் ஏத்தணும். அது கம்பெனியோட ஏரியா சர்வீஸ் மேனேஜர்கிட்ட போகும், தொகை பெருசுன்னா அதுக்கும் மேல போகும். அவங்க பாக்கறது: வாரன்ட்டி முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு, வண்டி எவ்வளவு ஓடியிருக்கு, சர்வீஸ் விட்டுப் போச்சா, இதே கம்ப்ளைன்ட் முன்னாடி பதிவாகியிருக்கா. நாலுமே உங்க பக்கம் இருக்கு. 46,000-ல ஒரு கியர்பாக்ஸ் போறது அவங்களுக்கே சங்கடமான விஷயம்.

கவுன்டர்ல "முடியாது"ன்னு சொல்ற சர்வீஸ் அட்வைசர் பெரும்பாலும் அந்த ரெக்வெஸ்ட்டைப் போட்டே இருக்க மாட்டார். வாரன்ட்டி கணக்குல செய்யற வேலைக்கு டீலருக்கு வர்ற லேபர், நம்மகிட்ட வாங்கறதை விடக் கம்மிதான், அதனால அவருக்கு அவசரம் இல்ல. நீங்க அவரைத் தாண்டி ஒர்க்ஸ் மேனேஜரைப் பாருங்க. "குட்வில் ரெக்வெஸ்ட் போட்டாச்சா, நம்பர் என்ன"ன்னு கேளுங்க. அதே நாள்ல கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பி டிக்கெட் நம்பர் வாங்குங்க. போன்ல பேசறதோட நிறுத்தாதீங்க.

ஒண்ணு முக்கியம். "தயவு பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. உங்க கேஸ் வெறும் குட்வில் இல்ல. வாரன்ட்டி காலத்துல சொன்ன குறையை அவங்க சரி பண்ணல. மெயில் இப்படி இருக்கட்டும்:

"சேஸிஸ் எண் இது, வாங்கிய தேதி இது. 2024 ஜூனில், வாரன்ட்டி காலத்திலேயே, இரண்டாவது கியரில் குறை இருப்பதாகப் புகார் செய்தேன். ஜாப் கார்டு இணைத்துள்ளேன். அப்போது மென்பொருள் மட்டும் புதுப்பிக்கப்பட்டது. அதே கியர் இப்போது முழுவதும் செயலிழந்துள்ளது. வாரன்ட்டி காலத்தில் சொல்லப்பட்டுத் தீராத குறை என்பதால், பாகம், கூலி இரண்டையும் நிறுவனம் ஏற்றுச் சரிசெய்ய வேண்டும். உங்கள் எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை வண்டியைப் பிரிக்க நான் அனுமதி தரவில்லை."

இங்கிலீஷ்ல வேணும்னா மாத்திக்கோங்க. கோபமான வார்த்தை ஒண்ணு கூட வேண்டாம். அப்பா கதையை ஒரே வரியில சொல்லுங்க, பாதுகாப்பு விஷயம்னு புரியற அளவுக்கு.

பேர்ணாம்பட்டு_ரைடர்

எதுக்கு இவ்வளவு அலைச்சல்? சென்னையில ரீகண்டிஷன் யூனிட் பாதி விலைக்குப் போடறாங்க.

ஆற்காடு_ஒர்க்‌ஷாப்

போடலாம், கம்பெனி எழுத்துல கைவிரிச்ச அப்புறம். வெளியில ஒரு தடவை பிரிச்சுட்டா "இது எங்க பழுதில்ல, அவங்க கெடுத்தது"ன்னு சொல்ல வழி குடுத்த மாதிரி ஆயிடும். வெளியில மெக்கானிக் கடை வெச்சிருக்கற நானே சொல்றேன், இப்ப வேண்டாம்.

குடியாத்தம்_குடும்பம்

நடுவுல புகுந்து கேக்கறேன், மன்னிக்கணும். எங்க வண்டிக்கு இன்னும் வாரன்ட்டி இருக்கு. ரெண்டு சர்வீஸ் பக்கத்து மெக்கானிக்கிட்ட பண்ணினோம். அதைக் காட்டி மறுத்துடுவாங்களா?

சத்துவாச்சாரி_வக்கீல்

மேடம், வெளியில சர்வீஸ் பண்ணினதாலேயே மொத்த வாரன்ட்டியும் போச்சுன்னு சொல்றதை 2014-லயே காம்பெட்டிஷன் கமிஷன் (வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்கற அரசு அமைப்பு) கண்டிச்சிருக்கு. ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தையில தராதது, வெளியில ரிப்பேர் பண்ணினா வாரன்ட்டி கிடையாதுன்னு பயமுறுத்தினது, இதையெல்லாம் காரணம் காட்டி 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டாங்க. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க, அது தனிக்கதை. உங்களுக்கு நடைமுறையில வேண்டியது, என்ன ஆயில் ஊத்தினாங்க, எத்தனை கிலோமீட்டர்ல ஊத்தினாங்கன்னு பில். இனிமேலாவது பில் வாங்கி வையுங்க.

காட்பாடி சாருக்கு: முதல்ல மேல சொன்ன மெயில். அதுக்குப் பதில் சரியில்லன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம். அவங்க கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவாங்க. தீர்ப்பு சொல்ற அதிகாரம் அவங்களுக்கு இல்ல, ஆனா கம்பெனிக்குள்ள ஃபைல் மேல நகரும்.

அதுவும் ஆகலன்னா வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே வழக்குப் போடலாம், கம்பெனி தலைமையகம் எங்க இருந்தாலும் சரி. வண்டிக்கு நீங்க குடுத்த விலை 50 லட்சத்துக்குள்ள இருந்தா மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 லட்சத்துலேர்ந்து 20 லட்சம் வரைக்கும் ஃபீஸ் 400 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்ல. ஆன்லைன்லயும் போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். டீலர், கம்பெனி ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேருங்க, இல்லன்னா ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவாங்க.

இந்த மாதிரி வழக்குல பலம் எங்க இருக்குன்னா, குறை வாரன்ட்டி காலத்துலயே தலைகாட்டினதுக்கு அவங்க கைப்பட எழுதின ஆதாரம். உங்க ஜாப் கார்டு அதுதான். நிபுணர் ரிப்போர்ட் கேப்பாங்க, அதனால பழைய பார்ட் யார் கையில இருக்குங்கறது பெரிய விஷயம்.

ஆம்பூர்_டிராவல்ஸ்

மேடம், எங்களது டி போர்டு (வாடகை) வண்டி. நாங்களும் அங்க போகலாமா?

சத்துவாச்சாரி_வக்கீல்

நீங்களே ஓட்டிப் பிழைக்கற வண்டின்னா, சுயதொழில்ல வாழ்வாதாரத்துக்காக வாங்கினதுன்னு காட்டினா நுகர்வோர்தான். பல வண்டி வெச்சு டிரைவர் போட்டு நடத்தற வியாபாரம்னா கஷ்டம்.

வாலாஜா_வாரன்ட்டி_டெஸ்க்

இன்னொண்ணு விட்டுட்டேன். கம்பெனி வெப்சைட்ல சேஸிஸ் நம்பர் போட்டு ரீகால் (குறை இருக்கற வண்டிகளைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுச் சரி பண்றது) இருக்கான்னு பாருங்க. ரீகால் வேலைக்கு வாரன்ட்டி தேதி பாக்க மாட்டாங்க, இலவசம். 2021 ஏப்ரல்லேர்ந்து நடைமுறையில இருக்கற விதிப்படி, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டியில பாதுகாப்புக் குறை இருந்தா அரசாங்கத்துகிட்டயும் பதிவு பண்ணலாம். பாலத்து மேல ஓடற வண்டியில கியர் போறது பாதுகாப்பு விஷயம்தான். உங்களை மாதிரியே வேற யாராவது பதிவு பண்ணியிருந்தா எல்லாம் சேர்ந்து கணக்குல வரும்.

காட்பாடி_ஆட்டோமேட்டிக்

எல்லாருக்கும் பெரிய நன்றி. நிலவரம் சொல்றேன்.

ரீகால் எதுவும் இல்ல. மெயில் போட்டு, ஜாப் கார்டை இணைச்சு, ஒர்க்ஸ் மேனேஜரையும் நேர்ல பாத்தேன். ரெக்வெஸ்ட் போடவே இல்லங்கறது அங்கதான் தெரிஞ்சது. அவர் நல்லபடியா பேசினார், என் கண்ணு முன்னாடியே போட்டார். ஆற்காடு அண்ணா சொன்னபடி ஸ்கேன் பேப்பரும் கேட்டேன். பேட்டரி, எர்த் ரெண்டும் சரியா இருந்துச்சு, கோடு எல்லாம் ரெட்டைப்படைப் பக்கத்து பிரஷரைத்தான் காட்டுது.

கம்பெனி முதல்ல பார்ட் விலையில பாதி தர்றதா சொன்னாங்க. நான் ஜூன் ஜாப் கார்டை மறுபடி காட்டி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு எழுதினேன். 1915-லயும் பதிவு பண்ணினேன். இப்ப பார்ட் முழுசா அவங்களோடது, லேபரும் ஆயிலும் என்னோடது, 26,000 ரூபாய் கிட்ட வரும்னு எழுதி அனுப்பியிருக்காங்க. எனக்கு இது நியாயமாத்தான் படுது. ஆனா "இந்த விஷயத்துல இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, முழு திருப்தி"ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்கறாங்க, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. போடலாமா?

சத்துவாச்சாரி_வக்கீல்

முன்னாடியே வேண்டாம் சார். வண்டியை எடுத்து ஓட்டிப் பாத்துட்டுப் போடறதா எழுதிக் குடுங்க. அப்பவும் "இந்த ஜாப் கார்டு எண்ணில் செய்த வேலைக்கு மட்டும்"னு உங்க கையால சேர்த்துட்டு, அதோட ஒரு காப்பி வாங்கிட்டுப் போடுங்க.

வாலாஜா_வாரன்ட்டி_டெஸ்க்

புது யூனிட்டுக்குத் தனி வாரன்ட்டி எவ்வளவுன்னு பில்லுல எழுதச் சொல்லுங்க. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாய் வார்த்தையா விடக்கூடாது. யூனிட் புதுசா, ரீமேனுஃபேக்சர்டா (பழசைப் புதுப்பிச்சது), அதோட சீரியல் நம்பர் என்ன, அதுவும் பில்லுல வரணும். பார்ட் கம்பெனி செலவுன்னா பழசை அவங்க திருப்பி எடுத்துக்குவாங்க. அதனால கழட்டும்போதே சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ஆற்காடு_ஒர்க்‌ஷாப்

டெலிவரி எடுக்கும்போது அட்வைசரைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டு தம்பி. வண்டி நல்லா சூடான அப்புறம் ஏதாவது ஏத்தத்துல நிறுத்தி ரிவர்ஸ் போட்டுப் பாரு. ரெண்டாவது கியர்ல மெதுவா ஊர்ந்து போற மாதிரி டிராஃபிக்ல கொஞ்ச தூரம் ஓட்டு. பழைய வெட்டல் துளி இருந்தாலும் அங்கேயே ஜாப் கார்டுல எழுத வை.

காட்பாடி_ஆட்டோமேட்டிக்

சரிங்க அண்ணா. யூனிட் வர பத்து நாள் ஆகும்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் அப்பாவோட அடுத்த செக்கப்புக்கு மச்சான் வண்டி கேட்டிருக்கேன். ஓட்டிப் பாத்துட்டு இங்கயே எழுதறேன்.