வரிசைக் கோடியில் காத்து நிற்பவர்கள் எப்படி நிற்க வேண்டும்?

வணக்கம். இணை இணையாக ஆடும் இங்கிலாந்தின் மரபு நடனமான கன்ட்ரி டான்ஸில் தேர்ந்தவர்களிடம் ஒரு விளக்கம் வேண்டுகிறேன். எதிரெதிர் வரிசைகளில் ஆடும் நடனங்களில், சுற்றுக்குச் சுற்று இடம் நகர்ந்து கோடியை எட்டும் இணை, சேர்ந்தாட வேறு இணையின்றி ஒரு சுற்று காத்து நிற்கிறது. கீழ்நோக்கி நகரும் இணை முதலாம் இணை, மேல்நோக்கி நகரும் இணை இரண்டாம் இணை; கீழ்க்கோடிக்கு இறங்கிய முதலாம் இணை, திரும்பி மேலேறும்போது இரண்டாம் இணையாகிவிடுகிறது. சில நடனங்களில் அதற்குள் இருவரும் பக்கம் மாறிக்கொள்ளவும் வேண்டும். அந்த மாற்றத்தை வெளியே வந்தவுடன் செய்துவிடுவது முறையா, அல்லது அருகில் ஆடுவோர் விலகிச் சுற்றிவர இடம் விட்டு, சுற்று முடியும் தறுவாயில் செய்வது முறையா? நிற்கும்போது கைகளைத் தளர விட்டு, இணையரின் முகம் நோக்கி நிமிர்ந்து நிற்பதே அழகு என்பது என் எண்ணம். சிலரோ (பெரும்பாலும் நெடுநாள் ஆடிப் பழகியவர்கள்தாம்) வரிசைக்கு முதுகு காட்டி உரக்கப் பேசுகிறார்கள், அடுத்த அசைவுகளைச் சொல்லும் அறிவிப்பாளரின் குரல் அதில் அமுங்கிவிடுகிறது. மனம் நோகாமல் இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?