துருஃப்ளேயின் ரெக்வியத்தில் 'தியெஸ் இரே' எங்கே?

முத்தியால்பேட்டை ரசிகன்:
ஞாயிற்றுக்கிழமை கச்சேரியைப் பற்றி இங்கே ஒருவர், "துருஃப்ளே ரெக்வியத்தில் தியெஸ் இரே அரங்கையே அதிர வைத்தது" என்று எழுதியிருக்கிறார். பிரெஞ்சு இசையமைப்பாளர் துருஃப்ளே 1947-ல் முடித்த அந்த ரெக்வியத்தில், அதாவது இறந்தோர் பூசைக்கான இசையில், தீர்ப்புநாளைப் பாடும் தியெஸ் இரே பகுதியே கிடையாது. பெரிய முரசை இடிக்கவிட்டு அதை எழுதியவர் இத்தாலியர் வெர்டி, 1874-ல், தன் ரெக்வியத்தில். வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள்.

கடலூர் செல்லோ:
எழுதியது நான்தான். கடைசிக்கு முந்தைய பகுதியான 'லிபெரா மே' வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்களா, இல்லை பாதியிலேயே பஸ் பிடித்துவிட்டீர்களா? அதில் கோரஸ் "தியெஸ் இல்லா, தியெஸ் இரே" (லத்தீனில் 'அந்த நாள், கோபத்தின் நாள்') என்றுதான் பாடுகிறது. இருக்கிறது.

முத்தியால்பேட்டை ரசிகன்:
அது லிபெரா மேயின் வரி. இறந்தோர் பூசையில் தியெஸ் இரே தனியான நீண்ட பாட்டு. இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே தன் ரெக்வியத்தில் அதை விட்டார், துருஃப்ளேயும் விட்டார். கிடையாது.

கடலூர் செல்லோ:
இதே ரெக்வியத்தில் உள்ள 'பியே ஜேசு' பகுதி எங்கிருந்து வந்தது? தியெஸ் இரேயின் கடைசி வரிகள்தானே? ஒரு பெண் குரல், கூடவே ஒரு செல்லோ. பதினைந்து வயதிலிருந்து செல்லோ வாசிக்கிறேன், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை ரசிகன்:
சரணத்தின் கடைசி அடியை மட்டும் பாடிவிட்டு முழுக் கீர்த்தனையும் பாடினேன் என்பீர்களா?

கோரஸ் அக்கா:
தம்பிகளா, 'சாங்க்துஸ்' பகுதியில் ஹோசன்னா கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உச்சிக்குப் போனதே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அப்புறம், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைதட்டியது யார்?

கடலூர் செல்லோ:
கடலூர்க்காரர்கள்தான் என்கிறீர்களா அக்கா? முன்வரிசையில் இருந்தது முழுக்கப் பாண்டிச்சேரி ஆட்கள்.

முத்தியால்பேட்டை ரசிகன்:
கைதட்டலைக் காட்டி நழுவாதீர்கள். போன வருடமும் கிரிகோரியன் பாட்டுக்கு (கத்தோலிக்கத் தேவாலயத்தின் பழைய லத்தீன் பாட்டு) ஆதியிலிருந்தே ஆர்கன் துணை உண்டு என்று எழுதினீர்கள், நான்தான் திருத்தினேன். அது பக்கவாத்தியமே இல்லாமல் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடும் பாட்டு. துருஃப்ளே சின்ன வயதில் பிரான்சின் ரூவான் பேராலயத்துப் பாடகர் குழுவில் அதைப் பாடி வளர்ந்தவர், இந்த ரெக்வியத்தில் எடுத்தாண்ட அந்த மெட்டுகளின் தாளக்கட்டில்லாத ஓட்டம் கெடக்கூடாது என்றுதான் தாள அளவை மாற்றி மாற்றி எழுதினார். அப்படிப்பட்டவர் தீர்ப்புநாள் பாட்டை விட்டுவிட்டு 'இன் பாரதீசும்' (சொர்க்கத்துக்குள்) என்று அமைதியாக முடிக்கிறார். இல்லாததை இருக்கிறது என்று எழுதினால், அந்த மனிதர் செய்த வேலையே தெரியாமல் போகிறது.

கடலூர் செல்லோ:
திருத்தினீர்களா? அன்றைக்கு என்னைக் குழுவிலிருந்தே தூக்கினீர்கள். பதிவை மாற்ற மாட்டேன்.

கோரஸ் அக்கா:
கைதட்டல் பற்றிக் கேட்டேனே?

முத்தியால்பேட்டை ரசிகன்:
ஸ்கோரில் 'தியெஸ் இரே' என்று தலைப்புப் போட்ட பக்கத்தைக் காட்டுங்கள், பேசலாம்.

கடலூர் செல்லோ:
லிபெரா மேயைத் திறந்து பாருங்கள்.